பூட்டியாச்சு கடை

திறந்துதான் இருந்தது, சார். நேற்றும் திறந்திருந்தது, முந்தாநாளும் திறந்திருந்தது. நீங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோக்காரனிடம் ஆவுடையப்பன் பாத்திரக்கடை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் "பூட்டியாச்சு கடையா?" என்று கேட்டிருக்கிறான். நீங்களும் ஐயோ பூட்டியாச்சா என்று லாட்ஜில் ரூம் போட்டுப் படுத்துவிட்டீர்கள். கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்த மனிதர், கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடைக்கு வராமல் சங்கரன்கோவில் கொசுவுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. மாதத்துக்கு ரெண்டு பேராவது இப்படித் திரும்பிப் போகிறார்கள். அது கடையின் பெயர் சார். கடைக்கு நான் வைத்த பெயர் இல்லை, ஊர் எனக்கு வைத்த பெயர்.

உட்காருங்கள். கடையைவிட வீட்டில் நிம்மதியாகப் பேசலாம். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். பெட்டியை மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். இது என்ன, ரிக்கார்டு பிளேயரா? இத்தனூண்டா? கம்ப்யூட்டரையும் இதையும் ஒயரால் சேர்த்துவிட்டால் பாட்டு உள்ளே போய்விடுமா? நல்லது. திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, ரிக்கார்டு தர மாட்டேன். ஒரு ரிக்கார்டுகூட, ஒரு நிமிஷத்துக்குக்கூடத் தர மாட்டேன். காபி தருவேன். செண்பகம், ரெண்டு காபி!

என்னைப் பற்றிப் பழைய பாட்டு சேர்க்கிற உங்கள் குழுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சங்கரன்கோவிலில் ஒரு பெரியவர், ஒரே பாட்டின் சின்ன ரிக்கார்டு முப்பத்தொன்று சேர்த்து வைத்திருக்கிறார், அப்படி ஒரு ரசிகர், அப்படி ஒரு பைத்தியம். மதுரையில் ரிக்கார்டு சேர்க்கிறவர்கள் கூட்டம் ஒன்று நடத்தி எனக்குச் சால்வையே போட்டார்கள். மேடையில் ஏற்றி, "ஐயா அந்தப் பாட்டில் ரெண்டு வரி பாடுங்கள்" என்றார்கள். எனக்குத் தெரிந்ததே ஒரு வரிதான். அதை ரெண்டு தடவை பாடினேன். அதற்கு மேல் தெரியாததால் நின்றுவிட்டேன். ஐயா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டான் ஒருவன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தது. நான் சால்வையை மடித்து வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரசனை இல்லை சார். பைத்தியமும் இல்லை. நான் அந்தப் பாட்டை ஒழித்துக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபத்தொன்பதாம் வருடம், ஆவணி மாதம் எனக்குக் கல்யாணம். பெண் கோவில்பட்டி. அவர்கள் வீடு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த வீடு. பெரிய வீடு. அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. செண்பகத்துக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணன்தான் வளர்த்தார். வீட்டிலேயே கட்டு ஒட்டுகிற வேலையும் நடக்கும் என்பதால் பெண்ணுக்கு வெளியே போகிற அவசியமே இல்லாமல், நாள் பூராவும் உட்கார்ந்த இடத்திலேயே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு, சௌகரியமாக வளர்ந்தவள். கல்யாணம் எங்கள் ஊரில், ரத வீதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவர்கள் முதல் நாளே வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் ரேடியோ செட் போட்டாக வேண்டும். பந்தியில் அப்பளம் இல்லாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் ரேடியோ செட் என்றால் மாடக்கண்ணு. தகரப் பெட்டியில் ரிக்கார்டுகளை நெட்டுக்குத்தாக அடுக்கி வைத்திருப்பான். உறை எதுவும் இருக்காது. படம் போட்ட உறைகளைச் சலூன்காரர்கள் கேட்டு வாங்கிப்போய்ச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். நடுவில் இருக்கிற வட்டக் காகிதத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருப்பான். மஞ்சள் புள்ளி கல்யாணத்துக்கும் சடங்குக்கும். கறுப்புப் புள்ளி எழவு வீட்டுக்கு. புள்ளி இல்லாதது எலெக்‌ஷனுக்கு. அவ்வளவுதான் அவன் சங்கீதம்.

அன்றைக்கு நாலு ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தான். ஒன்று மண்டபத்து மொட்டை மாடியில் கோபுரத்தைப் பார்த்து. ஒன்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து. ரெண்டு தெருவைப் பார்த்து. ஊரில் செவிடர்கள் தவிர எல்லோரும் என் கல்யாணத்துக்கு வந்த மாதிரிதான்.

மணையில் உட்கார்ந்திருக்கிறேன். கெட்டிமேளம் கொட்டி முடிந்தது. தாலி கட்டிவிட்டேன். மூன்றாவது முடிச்சை என் அக்கா போட்டாள். மேளக்காரர்கள் மூச்சு வாங்கினார்கள். எல்லோரும் அட்சதை தூவி முடித்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அடுத்து பந்திக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கிற நேரம். மாடக்கண்ணு ஒரு ரிக்கார்டைப் போட்டான்.

ஒரு பெண் குரல். நல்ல குரல்தான். நாலு குழாயிலும் எடுத்தாள் பாருங்கள்.

"வாசல் பூட்டியாச்சு..."

மண்டபம் அப்படியே நின்றுவிட்டது. சாம்பார் வாளியோடு போனவன் வாளியோடு நின்றான்.

"வாசல் பூட்டியாச்சு..."

ரெண்டாவது தடவை. அதற்குள் என் தாய்மாமா சொக்கலிங்கம் பந்தலுக்கு வெளியே பாய்ந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார். தாலி கட்டி ரெண்டு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் வாசல் பூட்டியாச்சு என்றால்? எழவு வீட்டில்கூட தூக்கின பிறகுதானே சார் பூட்டுவார்கள்? மாமா மாடக்கண்ணுவின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஒரு சீட்டை ஆட்டி ஆட்டிக் காண்பித்துக் கத்துகிறான் அவன்.

"பொண்ணு குடுத்துச்சு அண்ணாச்சி! பொண்ணு குடுத்துச்சு! தாலி கட்டினதும் போடணும்னு சீட்டு எழுதிப் பொண்ணு குடுத்துச்சு!"

"எந்தப் பொண்ணுலே குடுத்துச்சு? பொய்யா சொல்லுதே?" என்று மாமா சீட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு அடித்தார். மற்றவர்களும் கை வைத்தார்கள். ஆம்ப்ளிஃபயரைக் குப்புறத் தள்ளினார்கள். நான் என்ன செய்ய முடியும்? நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். மாலை போட்ட ஆள் நடுவில் எழுந்து போய் விலக்கிவிட முடியுமா? பக்கத்தில் செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். முதல் தடவையாக அவளிடம் பேசினேன். "அழாத. அவன விடமாட்டாங்க" என்றேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

மாடக்கண்ணு அந்த வாரமே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை.

நான் மறந்திருப்பேன் சார். சத்தியமாக மறந்திருப்பேன். ஊர் விடவில்லை. ஒரு வாரத்தில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. பூட்டியாச்சு. முதலில் பூட்டியாச்சு மாப்பிள்ளை. அப்புறம் மாப்பிள்ளை உதிர்ந்துவிட்டது. "என்னவே பூட்டியாச்சு, வீட்ல சுகமா?" அப்பா வைத்த கடை, கோமதி பாத்திர மாளிகை என்று ஆளுயர எழுத்தில் போர்டு இருக்கிறது. ஒருத்தன் கண்ணுக்கும் அது தெரியவில்லை. பூட்டியாச்சு கடை. பூட்டியாச்சு கடைக்கு எதிர்ச் சந்து. பூட்டியாச்சு கடையில் வாங்கின குத்துப்போணி. ஒரு தடவை ஆத்திரத்தில் "கடை திறந்திருக்கிறது" என்று தனியாக ஒரு போர்டு எழுதி மாட்டினேன். தெருவே வந்து நின்று பார்த்தது. "பூட்டியாச்சு திறந்திருக்குவே!" என்று ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சாயங்காலமே கழற்றிவிட்டேன்.

வியாபாரம்? கல்யாணச் சீர் பாத்திரம் வாங்க எவன் வருவான் பூட்டியாச்சு கடைக்கு? பக்கத்துத் தெருவில் நேற்று முளைத்தவன் கடையில் வாங்குவான். என்னிடம் வருகிறது எல்லாம் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொடுக்கிற சொம்பும் தம்ளரும்தான். அதற்கு என் கடைதான் பொருத்தம் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். துக்க வீட்டுக்காரர்கள் நேராக வந்துவிடுகிறார்கள். அவர்கள் மட்டும்தான் சார் கடை திறந்திருக்கிறது என்று நம்புகிறவர்கள்.

என் மகளைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் விசாரித்திருக்கிறார்கள். "ஆவுடையப்பன் மகளா? பூட்டியாச்சு மகதானே" என்று டீக்கடைக்காரன் சொல்லியிருக்கிறான். வீடு பூட்டியிருக்கிறது, பெண்ணுக்கு வேறு இடம் முடிந்துவிட்டது போல என்று வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அறுபது கேசரி, அறுபது பஜ்ஜி. மூன்று நாள் தின்றோம். மகள் மட்டும் சிரித்தாள். அவள் அப்படித்தான். பெங்களூரில் அவளாகவே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். ரிஜிஸ்டர் ஆபீசில். பாட்டே கிடையாது. நிம்மதி.

இந்தப் பாட்டை ஒழித்தால் ஒழிய இந்தப் பெயர் ஒழியாது என்று எனக்கு அப்போது பட்டது. இந்தப் பாட்டு இருந்த படம் வெளிவரவே இல்லை. ரிக்கார்டு மட்டும் வந்தது. ஒரு பக்கத்தில் ஒரு பாட்டு, மறுபக்கத்தில் ஒரு பாட்டு, நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. ரொம்பக் கொஞ்சமாகத்தான் போட்டார்களாம். மொத்தத்தையும் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. மாடக்கண்ணு பெட்டியை அவன் கொழுந்தியாள் பழைய இரும்புக்குப் போட வந்தபோது முதல் ரிக்கார்டு கிடைத்தது. அதில் ஒரு வேடிக்கை. பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி வைத்திருக்கிறான்! கறுப்பு இல்லை, மஞ்சள்! வாசல் பூட்டியாச்சு என்று ஒரு பாட்டு, அதற்குக் கல்யாணப் புள்ளி. காது கொடுத்துக் கேட்டுத்தான் வைத்தானா, பெயிண்ட் டப்பா மாறிவிட்டதா? அவன் அடி வாங்கினதில் எனக்கு இருந்த கொஞ்ச வருத்தமும் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் போய்விட்டது.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். மதுரை, திருச்சி, மெட்ராஸ், பழைய பேப்பர் கடை, மூடின தியேட்டர், பாகம் பிரித்த வீடு. போகிற இடத்தில் எல்லாம் உங்களைப் போன்றவர்களைப் பார்ப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ரிக்கார்டைக் கையில் எடுத்ததும் மூக்குப் பக்கம் கொண்டுபோகிறீர்கள். கண்ணை மூடிக்கொள்கிறீர்கள். "ஆஹா, அந்தக் காலம்" என்கிறீர்கள். முள் விழுந்ததும் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, பொரிச்சட்டி சத்தம், அதற்கே தலையாட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பாட்டு ஆரம்பித்ததும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். திருச்சியில் ஒருவர், இந்தச் சின்ன ரிக்கார்டு ஒன்றைத் தடவிக்கொண்டே, "அந்தக் காலத்துல எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்" என்றார். யார் இருந்தது? அந்தக் காலத்தில்தான் சார் எனக்கு இது நடந்தது.

நான் வாங்க வாங்க உங்கள் ஆட்களும் இதைத் தேட ஆரம்பித்தார்கள், அதுதான் கொடுமை. ஒருத்தன் இத்தனை வாங்குகிறான் என்றால் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று கிளப்பிவிட்டார்கள். அரிய பாட்டு, அபூர்வக் குரல். எவனும் கேட்டதில்லை, ஆனாலும் அபூர்வம். விலையை ஏற்றிவிட்டார்கள். நான்தான் ஏற்றிவிட்டேன் என்று செண்பகம் சொல்வாள். அவளுக்கு வியாபாரம் தெரியாது.

இல்லை, நானும் கேட்டதில்லை. ஏன் கேட்க வேண்டும்? வீட்டில் பிளேயரே கிடையாது. என் கல்யாணத்தில் என்னைக் குத்தின கத்தியை நான் வாங்கி வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதால் காய் நறுக்குவேனா?

காபி வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள். இவள்தான் செண்பகவல்லி, என் வீட்டுக்காரி. நில் செண்பகம், உன்னைப் பற்றித்தான் பேச்சு. கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, போ.

பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். சீட்டு கொடுத்தது யார்? அதைக் கண்டுபிடிக்க வேண்டாமா? பொண்ணு குடுத்துச்சு, பொண்ணு குடுத்துச்சு என்று மாடக்கண்ணு கத்தினான். அடிபடுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் யாரோ ஒரு பெண்குழந்தை கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாவாடை கட்டின வயதில் மொத்தம் ஏழு பெண்கள். ஏழு பேரையும் விசாரித்தேன் சார். விட்டேனா? ஒருத்தி இன்றைக்குக் கயத்தாறு பக்கம் ஹெட்மிஸ்ட்ரஸ். ஸ்கூலுக்கே போய்விட்டேன். "மாமா, அன்னைக்கு எனக்கு அஞ்சு வயசு, எனக்கு எழுதவே தெரியாது" என்றாள். நீ எழுதவில்லை அம்மா, நீ கொண்டுபோனாயா என்றேன். பிள்ளைகள் முன்னால் கேட்கிறீர்களே என்று வருத்தப்பட்டாள். ஒருத்தி மஸ்கட்டில் இருக்கிறாள். வீடியோ காலில் கேட்டேன், பேரப்பிள்ளையைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டாள். அவள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

யார் கொண்டுபோனால் என்ன, கொடுத்தனுப்பினது யார் என்று எனக்குத் தெரியும். செண்பகத்தின் அண்ணன் குருசாமி. என் மச்சினன். தன் பெண்டாட்டியின் தம்பிக்குச் செண்பகத்தைக் கட்டிவைக்க நினைத்திருந்தவர். தீப்பெட்டி ஒட்டுகிற கை வீட்டைவிட்டுப் போகாது பாருங்கள். அது நடக்கவில்லை என்கிற ஆத்திரம். தொண்ணூற்றெட்டில் ஒரு காதுகுத்தில் நேராகவே கேட்டுவிட்டேன். "நான் இல்ல மாப்ள. என் பிள்ளைக மேல சத்தியம்" என்றார். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிற ஆளை நம்ப முடியுமா? அன்றோடு பேச்சு முறிந்தது. அவர்கள் வீட்டுப் படி மிதிக்கிறதில்லை. நல்லது கெட்டது எதற்கும் செண்பகத்தையும் அனுப்புகிறதில்லை. பிறந்த வீடு இல்லாமல் ஆகிவிட்டதே என்று ஒரு நாள், ஒரு பொழுது அவள் முகம் வாடினதில்லை சார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. புருஷன் மானம்தான் தன் மானம் என்று இருந்துவிட்டாள். இந்தக் காலத்துப் பெண்களிடம் இதை எதிர்பார்க்க முடியுமா? எட்டாம் வகுப்புதான் படித்தவள். ஆனால் கடைக் கணக்கு பூராவும் அவள் கையெழுத்துதான், முத்து முத்தாக இருக்கும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் லெட்டரில் என்ன எழுதியிருந்தீர்கள்? பாட்டு பதிவு செய்த நாடா அழிந்துவிட்டது, படத்தின் பிலிம் இல்லை, பாடின அம்மா யார் என்று எவருக்கும் தெரியவில்லை, நாலு வருடம் தேடியும் என்னிடம் இருக்கிறதைத் தவிர வேறு ரிக்கார்டு எங்கும் அகப்படவில்லை. அதாவது என் பெட்டி போனால் பாட்டே உலகத்தில் இல்லை. இதைப் படித்ததும் நான் மனம் இளகிவிடுவேன் என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ரெண்டு தடவை படித்தேன். செண்பகத்தைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினேன். முடிந்தது வேலை என்றேன். அவள், அவர வரச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னாள். அவள் சொல்லித்தான் உங்களுக்குப் பதில் போட்டேன். இல்லாவிட்டால் உங்களை ஏன் வரச் சொல்கிறேன்?

உடைக்கப்போகிறேன். முப்பத்தொன்றையும். எப்போதா? உடைக்கலாம், என்ன அவசரம். ஒவ்வொன்றாக உடைத்தால் விட்டுப்போகும், மொத்தமாகத்தான் உடைக்க வேண்டும் என்று இருந்தேன். போன தை மாதம் உடைத்திருப்பேன், மூட்டு வலி. அதற்கு முந்தின வருடம் கொல்லையில் சிமெண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? உடைக்கிறதற்கும் ஒரு நாள் வாய்க்க வேண்டும் சார்.

வந்ததற்குப் பார்த்துவிட்டாவது போங்கள். இந்தா, இதுதான் பெட்டி. கனக்கிறது பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நானே காக்கி உறை ஒட்டி, நம்பர் போட்டிருக்கிறேன். பூஞ்சைக்கு வேப்பிலை. வருடத்துக்கு ஒருமுறை மஸ்லின் துணியால் துடைப்பேன், வட்டமாக, கோட்டின் போக்கிலேயே. குறுக்கே துடைத்தால் கீறிவிடும். பகைவனாக இருந்தாலும் அசுத்தமாக வைத்திருக்கக் கூடாது. ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஆமாம், அப்படி. உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. ஒன்று, ரெண்டு, பளபளப்பைப் பாருங்கள். ஐந்தாம் நம்பரில் ஓரத்தில் ஒரு மயிரிழைக் கீறல் உண்டு, தூத்துக்குடிக்காரன் போட்டது.

பதினான்கை ஏன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறீர்கள்?

தேய்ந்திருக்கிறதா? எங்கே? ஆமாம். சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதே. கோடெல்லாம் வெளுத்துப்போய். ஓட்டி ஓட்டித் தேய்ந்ததா? எத்தனை தடவை, ஒரு ஐம்பது? நூறு? ஆயிரமா! பார்த்தீர்களா சார், இது மதுரைக்காரன் கொடுத்தது. உறை பிரிக்காதது, முள்ளே படாதது என்று மீனாட்சி மேல் சத்தியம் செய்து கொடுத்தான். நானும் ஏமாறவில்லை, வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. என் மீசை தெரிந்தது இதில். துடைக்கிறபோது கோட்டின் போக்கைத்தான் பார்ப்பேன், இதைக் கவனிக்கவே இல்லை. இப்போது ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் பெட்டிக்குள்ளே இருந்தபடியே தேய்ந்ததா? ரிக்கார்டு சும்மா இருந்தாலே தேயுமா சார்? நீங்கள் ஏன் சமையல்கட்டுப் பக்கம் பார்க்கிறீர்கள்? காபி இன்னும் வேண்டுமா? செண்பகம்!

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சாருக்கு இன்னொரு காபி.

"காபி இருக்கட்டும். அந்தப் பதினாலாம் நம்பர ஒடைக்கிறதுன்னா ஒடைச்சிக்கிடுங்க. அது தேஞ்சு போச்சு. முள்ளு ரெண்டாவது சரணத்துல நிக்க மாட்டேங்குது. இவருக்கு நல்லதா ஒண்ணு குடுத்து விடுங்க. எனக்கும் ஒண்ணு வெளிய எடுத்து வைங்க."

உனக்கா? உனக்கு எதற்கு?

"மத்தியானம் கேக்க. பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட மிஷின் இருக்கு. நீங்க கடைக்குப் போனப்புறம் நானும் அவங்களும் கேப்போம். எட்டு வருஷமா கேக்கோம்."

சார், நீங்கள் இருங்கள், எழுந்திருக்காதீர்கள். குடும்ப விஷயமெல்லாம் ஒன்றும் இல்லை. செண்பகம், நீ என்ன பேசுகிறாய் என்று தெரிந்துதான் பேசுகிறாயா? அது எந்தப் பாட்டு?

"எனக்குத் தெரியாதா? நான்தான போடச் சொன்னேன்."

என்ன?

"சீட்டு எழுதி, வாசல்ல நின்ன சின்னப் புள்ள ஒண்ணுகிட்ட குடுத்து விட்டேன். அந்த ஆளுதான் கத்துனாரே, பொண்ணு குடுத்துச்சு பொண்ணு குடுத்துச்சுன்னு. கல்யாண வீட்டுல பொண்ணுன்னா யாரு?"

கேட்டீர்களா சார்? பொண்ணு. பொண்ணு என்றால், நான், ஏழு பேரை... அந்த ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஸ்கூலுக்கே போய்... செண்பகம், இதை அன்றைக்கே சொல்வதற்கு என்ன?

"அந்த மனுசனப் போட்டு அந்த அடி அடிச்சாங்க. அதப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்ல? எனக்குப் பத்தொன்பது வயசு. பயந்துட்டேன். நானா சொல்லியிருக்கணும், சொல்லல, அது என் தப்பு. அந்த ஆளு எங்க இருக்காரோன்னு இன்னைக்கும் நெனைக்கேன். ஆனா நீங்க ஏழு பேருகிட்ட கேட்டீங்களே, என்கிட்ட ஒரு தடவ கேட்டீங்களா?"

உன்னிடம் எப்படிக் கேட்பேன்? நீ என் பக்கம் அல்லவா?

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

உன் அண்ணன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். இருபத்தாறு வருடம் அந்த மனிதரோடு நான் பேசவில்லை.

"அது மட்டும் நல்லதாப் போச்சு. அந்த வீட்டுல ஒரு நாளைக்கு எத்தன கட்டு ஒட்டுவேன் தெரியுமா? விரல் பூராவும் பசை காஞ்சு உரியும். அண்ணி எண்ணி வாங்குவா. அந்தப் பாட்டு ரேடியோல வரும். வரும்போதெல்லாம் நெனச்சுக்கிடுவேன், எனக்கும் ஒரு நாள் வரும், அன்னைக்கு இதப் போட்டுக் கேக்கணும்னு. நாலு குழாய்ல அண்ணிக்கு நல்லா கேக்கட்டும்னுதான் எழுதிக் குடுத்தேன். உங்க மாமா ஒயரப் புடுங்கிட்டாரு."

சார், இவள் சொல்வது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசல் பூட்டியாச்சு என்கிற பாட்டில் என்ன சந்தோஷம் இருக்கிறது? பிறந்த வீட்டைப் பூட்டுகிறாளாம். சரி. அப்படி ஒரு அர்த்தம் இருக்கலாம். ஆனால் ஊருக்கு என்ன கேட்டது? ஊருக்குக் கேட்டது அந்த ஒரு வரிதானே?

"அதுக்கு அடுத்த வரி என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்?

"முப்பத்தொண்ணு வச்சிருக்கீங்க."

செண்பகம்.

"சார், அந்த இருபத்தொண்ணாம் நம்பர எடுங்க. அது நல்லா இருக்கும். அவரப் பாக்காதீங்க, நான் சொல்லுதேன்ல, எடுங்க. ரெண்டாவது பக்கம்."

சார், வேண்டாம். நான் வீட்டில் இருக்கும்போது வேண்டாம். நான் கடைக்குப் போய்விடுகிறேன், நீங்கள் எடுத்துக்கொண்டு... சரி, வைத்துவிட்டீர்கள். முள்ளை மெதுவாக வையுங்கள். தொப்பென்று போடாதீர்கள். கரகரப்பு ஜாஸ்தியாக இருக்கிறதே, தூசி இருக்கிறதா? நான் துடைத்துத்தான்...

"வாசல் பூட்டியாச்சு..."

இதுதான் சார். இதே குரல்தான்.

"வாசல் பூட்டியாச்சு... வண்டி பூட்டியாச்சு..."

என்ன? வண்டியா? வண்டி பூட்டியாச்சா? மாட்டைப் பூட்டுகிறதா? செண்பகம், வண்டி பூட்டியாச்சு என்றா பாடுகிறாள்? அடப்பாவி, அப்படியானால் இது கிளம்புகிற பாட்டு. வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு... சார், அதைத் திருப்பி வையுங்கள், முதலில் இருந்து வையுங்கள், நான் சரியாக... அந்த மாடக்கண்ணு மஞ்சள் புள்ளி... ஐயோ, அவனை...

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன். இதுக்கு அப்புறம்தான் நல்லா இருக்கும்."

சரி. பேசவில்லை. இந்தா, இப்படி என் பக்கத்தில் உட்கார், அந்த நாற்காலி ஆடும். நாற்பத்தைந்து வருடம் கழித்து ஒரு பாட்டு முழுதாகக் கேட்கிறேன், ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடுகிறார்களா பார்.

நீங்களும் பேசாதீர்கள், சார்.